அமாக்சிசிலின் கொடுத்தபோது வந்த தடிப்பு அலர்ஜிதானா?

கேள்வி: என் மகளுக்கு இரண்டு வயதில் காய்ச்சலுக்கு, பெனிசிலின் வகை ஆன்டிபயாடிக்கான அமாக்சிசிலின் சிரப் கொடுத்தோம். ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் சிவந்து தடித்தது. இரண்டு நாளில் மறைந்தது. 'பெனிசிலின் அலர்ஜி' என்று மருத்துவர் எழுதிவிட்டார். இப்போது அவளுக்கு நான்கு வயது. எல்லா ஆன்டிபயாடிக் அலர்ஜியையும் ஒரே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அந்தப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். எல்லா ஆன்டிபயாடிக்குகளுக்குமான அலர்ஜியை ஒரு குழாய் ரத்தத்தில் கண்டறியும் முறை எதுவும் இல்லை. பெனிசிலின் வகை போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை உண்டு; அதுவும் உண்மையான அலர்ஜி உள்ள பலரைத் தவறவிடும். பக்கம் பக்கமாக மருந்துப் பெயர்களை அச்சிட்டு, சிவப்பிலும் பச்சையிலும் குறியிட்டுத் தரும் அறிக்கையால் பலன் அடைபவர்கள் அதை விற்பவர்களும், ஆள் அனுப்பிக் கமிஷன் வாங்கும் இடைத்தரகர்களுமே. குழந்தையின் உடல்நலத்தை வைத்து நடக்கும் இந்த வியாபாரத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சிறு குழந்தைகளுக்கு மருந்து தொடங்கிச் சில நாட்கள் கழித்து வரும் இத்தகைய தடிப்பு பெரும்பாலும் காய்ச்சலை உண்டாக்கிய வைரஸின் வேலை. பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களை முறையாகச் சோதித்தால் 100 பேரில் 90-க்கும் மேற்பட்டோர் அம்மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் மகளுக்குத் தேவையானது, அலர்ஜி நிபுணரின் மேற்பார்வையில் அதே சிரப்பைக் கொடுத்துப் பார்ப்பதுதான். ஊசிச் சோதனைகூட இதற்குப் பெரும்பாலும் வேண்டியதில்லை. வழக்கமாக, அவள் நலமாக இருக்கும் நாளில் முழு அளவில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்து, அரை மணி நேரம் தோலையும் மூச்சையும் பார்த்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கவே கூடாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அன்றைய தடிப்பில் கொப்புளம் இருந்ததா, தோல் உரிந்ததா, வாயிலோ கண்ணிலோ புண் வந்ததா என்று நன்றாக நினைவுபடுத்திப் பாருங்கள். அப்போது எடுத்த படம் கைபேசியில் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்திருந்தால், அது லேசாக இருந்ததாகத் தோன்றினாலும், ஆண்டுகள் கடந்திருந்தாலும், அம்மருந்தைச் சோதனைக்காகக்கூடக் கொடுக்கக் கூடாது. இதை நிபுணர் கேட்க மறந்தாலும் நீங்களே முதலில் சொல்லுங்கள்.

அரை நிமிடத்தில் எழுதப்பட்ட இரண்டு சொற்களை நீக்க எவரும் முன்வருவதில்லை. அதற்குள் குழந்தைக்குத் தேவையற்ற வீரிய மருந்துகள் போய்ச் சேர்கின்றன. சோதனையில் தேறினால், 'அலர்ஜி இல்லை' என்று எழுத்தில் வாங்கி, பழைய கோப்பில் அந்த வரியை அடிக்கும் வரை விடாதீர்கள்.