மாம்பழம் மாவுக்குள்ளா, மாவுக்கு மேலா?

மாம்பழம் சந்தைக்கு வரத் தொடங்கியதும் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் போக்கும் மாறிவிடுகிறது. பச்சடியும் மாம்பழ மோர்க்குழம்பும் கேட்டவர்களில் பலர் இம்முறை காலை உணவுக்குப் பழ வாஃபிள் செய்வது பற்றிக் கேட்டிருக்கிறார்கள். மாம்பழம் மட்டுமன்றி, அன்னாசி, வாழை, பலா என்று நம் வெயிலில் விளையும் பழங்கள் எல்லாமே கடிதங்களில் வந்திருப்பதால், இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்கு மாம்பழ வாஃபிள் செய்தேன். இரண்டு பெரிய பழங்களை அரைத்து, பாலே சேர்க்காமல் அந்தக் கூழிலேயே மைதாவைக் கரைத்தேன். வெளிப்பக்கம் கருகும் அளவுக்குச் சிவந்த பிறகும் உள்ளே பிசுபிசுவென்று மாவாகவே இருந்தது. மேக்கரின் பள்ளங்களில் ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிய்ந்தும் போனது. எங்கே தவறு செய்தேன்?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டு பெரிய மாம்பழங்களின் கூழோடு ஏறக்குறைய இரண்டு டம்ளர் தண்ணீரையும் நீங்கள் மாவில் சேர்த்துவிட்டீர்கள். நன்கு பழுத்த மாம்பழத்தின் சதையில் நூற்றுக்குச் சுமார் 83 பங்கு தண்ணீர்தான். அன்னாசியில் அது 86, பப்பாளியில் 88. இரண்டு சூடான தகடுகளுக்கு நடுவே மாவை அடைத்து, அதன் ஈரத்தை ஆவியாக விரட்டி, மேல்தோலை மொறுமொறுப்பாக்குவதுதான் வாஃபிள் சுடும் முறை. பழக்கூழில் கரைத்த மாவில் அந்த ஈரம் வெளியேறுவதற்கு முன்பே பழத்தின் சர்க்கரை தகட்டுச் சூட்டில் சிவந்து, பிறகு கருகவும் தொடங்கிவிடுகிறது. அதே சர்க்கரைதான் பாகாகிப் பள்ளங்களின் மூலைகளில் பிடித்துக்கொண்டு, மூடியைத் தூக்கும்போது வாஃபிளை இரண்டாகக் கிழிக்கிறது.

மாம்பழ மணம் மாவுக்குள்ளேயே வேண்டுமென்றால், ஒரு கப் கூழை அடிகனமான வாணலியில் சிறுதீயில் வைத்து, கால் மணி நேரம் போலக் கிளறி, மூன்றில் ஒரு பங்காக வற்றவிடுங்கள். கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் உடனே ஒழுகாமல் ஒரு நொடி தயங்கி விழ வேண்டும், அதுதான் பதம். கூழின் நிறம் வெளிர்மஞ்சளிலிருந்து ஆழ்ந்த காவிக்கு மாறியிருக்கும், மணமும் கூடியிருக்கும். நார் உள்ள நாட்டுப் பழமானால் வடிகட்டிய பிறகே வாணலியில் ஊற்றுங்கள். பங்கனப்பள்ளி, இமாம்பசந்து, மல்கோவா போன்ற நாரில்லாப் பழங்களை அப்படிக் காய்ச்ச எனக்கு மனம் வருவதில்லை. அவற்றைப் பச்சையாக நறுக்கி மேலே வைப்பதுதான் அந்தப் பழங்களுக்குச் செய்யும் மரியாதை.

மாவுக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: 150 கிராம் மைதா, 30 கிராம் பச்சரிசி மாவு, இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு முட்டை, 240 மில்லி கெட்டித் தேங்காய்ப் பால், நான்கு மேசைக்கரண்டி உருக்கிய வெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய். பச்சரிசி மாவு மொறுமொறுப்புக்காக. சில குறிப்புகளில் 'சோள மாவு' என்றிருப்பதைப் பார்த்து நாட்டுச் சோளத்தின் மாவைச் சேர்த்துவிட்டு வருந்துகிறவர்கள் உண்டு. அங்கே சொல்லப்படுவது வெள்ளை நிறக் கார்ன்ஃப்ளார். பச்சரிசி மாவு அந்த வேலையைக் குறைவில்லாமல் செய்யும் என்பதால் குழப்பத்துக்கே இடமில்லை.

முட்டையின் மஞ்சள் கருவைத் தேங்காய்ப் பாலோடும் வெண்ணெயோடும் கலந்து, சலித்த மாவில் ஊற்றி, கட்டிகள் ஓரளவு இருந்தாலும் பொருட்படுத்தாமல் சில சுற்றுக் கிளறினால் போதும்; அதிகம் அடித்தால் மைதாவின் பசைத்தன்மை கூடி வாஃபிள் ரப்பராகிவிடும். வெள்ளைக் கருவைத் தனியே, கிண்ணத்தைச் சாய்த்தாலும் வழியாத நுரையாகும்வரை அடித்து, கடைசியில் மெதுவாகப் புரட்டிச் சேருங்கள். மாவு தோசை மாவாக ஓடக் கூடாது. இட்லி மாவாகத் தளர்ந்து விழ வேண்டும். வற்றவைத்த மாம்பழக் கூழைச் சேர்ப்பதானால் சர்க்கரையை நிறுத்திவிட்டு, தேங்காய்ப் பாலிலும் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளுங்கள்.

1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சியில் பெல்ஜியத்தைச் சேர்ந்த மோரிஸ் வெர்மெர்ஷ் விற்ற வாஃபிள்தான் அமெரிக்காவில் 'பெல்ஜியன் வாஃபிள்' என்ற பெயரையே பரப்பியது. அதில் ஸ்ட்ராபெரியும் அடித்த கிரீமும் இருந்தன. ஆனால் இரண்டுமே சுட்ட வாஃபிளின் மேல்தான் வைக்கப்பட்டன. அந்தப் பள்ளங்கள் பழச்சாற்றைத் தாங்கும் கிண்ணங்கள் என்று நினைத்துக்கொண்டால், பழத்தின் இடம் எது என்பதில் உங்களுக்குச் சந்தேகம் வராது.

கேள்வி: மேக்கரிலிருந்து எடுக்கும்போது மொறுமொறுவென்று இருக்கிறது. ஐந்து பேருக்கும் சுட்டு முடித்து ஹாட்பேக்கைத் திறந்தால் எல்லாம் துணி போலத் துவண்டுவிடுகின்றன. பச்சை விளக்கு எரிந்த பிறகுதான் எடுக்கிறேன்.
— வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: ஹாட்பேக் மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், முத்துமுத்தாக நீர் கோத்திருக்கும். அது வாஃபிளின் உள்ளிருந்து கிளம்பிய ஆவி. வெளியே போக வழியில்லாமல் மூடியில் தங்கி, திரும்ப வாஃபிளின் மேலேயே சொட்டுகிறது. இட்லிக்கும் சப்பாத்திக்கும் அந்த ஈரம் நல்லது. வாஃபிளுக்கு அது ஆகாது. கம்பி வலைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி வையுங்கள். அடியில் காற்று புகும் எதுவாயினும் சரி. முறுக்கு வடிய வைக்கும் சல்லடைகூடப் போதும். ஓவன் இருந்தால் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதே வலைத் தட்டோடு உள்ளே வைத்து, எல்லோருக்கும் சேர்த்துப் பரிமாறலாம்.

பச்சை விளக்கு தகட்டின் சூட்டை மட்டுமே சொல்லும், மாவின் நிலையைச் சொல்லாது. மாவை ஊற்றி மூடியதும் ஓரங்களில் ஆவி குபுகுபுவென்று வரும். அது மெலிந்து, நூல் போலாகி, ஏறக்குறைய நின்றுவிடும் நேரத்தில் திறக்க வேண்டும். பெரும்பாலான வீட்டு மேக்கர்களில் அதற்கு நான்கிலிருந்து ஆறு நிமிடம் ஆகும். அதற்கு முன் மூடியை லேசாகத் தூக்கிப் பார்த்து, தூக்க வரவில்லை என்றால் இழுக்காதீர்கள்; இன்னும் ஒரு நிமிடம் விட்டால் தானாகவே விடுபடும். மிஞ்சியதை ஆறவிட்டு ஃப்ரீசரில் வைத்து, மறுநாள் ரொட்டி டோஸ்டரில் சூடாக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: முதல் நாள் இரவே அன்னாசித் துண்டுகளைக் கெட்டித் தயிரில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தேன். காலையில் வாஃபிளின் மேல் ஊற்றிச் சாப்பிட்டால் ஒரே கசப்பு. தயிர் கெட்டுவிட்டதா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தயிர் கெடவில்லை. பச்சை அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதி இருக்கிறது. அது பால், தயிர், கிரீம் ஆகியவற்றிலுள்ள புரதத்தைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்துவிடுகிறது. அந்தத் துண்டுகளில் சில கசக்கும், தயிரும் நீர்த்துப்போகும். பப்பாளிக்காயைப் போட்டுக் கறியை மெதுவாக்குகிற பழக்கம் நம் வீடுகளில் உண்டல்லவா? அதிலுள்ள பப்பைன் செய்யும் வேலையும் இதுவே.

வழி எளிதானது. இந்த நொதி சூட்டைத் தாங்காது. அரை அன்னாசியைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி வெல்லம், இரண்டு கிராம்பு, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல், தன் சாற்றிலேயே பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். சாறு பாகு போலப் பளபளத்ததும் இறக்கி, முழுவதும் ஆறிய பிறகு தயிரில் கலந்தால் எத்தனை மணி நேரமானாலும் கசக்காது. டின்னில் வரும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டதால் அதற்கு இந்தக் கவலை இல்லை. பச்சை அன்னாசியின் புளிப்பே வேண்டும் என்றால் தயிரைத் தவிர்த்து, தேங்காய்ப் பாலையும் கருப்பட்டிப் பாகையும் ஊற்றி உடனே சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. வாழைப்பழம் சேர்த்தால் முட்டை தேவையில்லை என்கிறார்கள். எந்தப் பழம், எவ்வளவு சேர்க்க வேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: முட்டை வாஃபிளில் மாவைப் பிணைக்கிறது, உப்ப வைக்கிறது. வாழைப்பழம் முதல் வேலையைத்தான் செய்யும். இரண்டாவதற்குப் புளித்த தயிரும் சமையல் சோடாவும் வேண்டும். மேலே சொன்ன அளவில் மைதாவை 130 கிராமாகக் குறைத்து, பச்சரிசி மாவை 50 கிராமாகக் கூட்டி, அரை டம்ளர் புளித்த தயிர், 150 மில்லி தேங்காய்ப் பால், மசித்த சிறிய வாழைப்பழம் ஒன்று, ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சமையல் சோடா என்று மாற்றிக்கொள்ளுங்கள், மற்றவை முன்போலவே. மாவைப் பத்து நிமிடம் ஊறவிட்டு, வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடுதலாகச் சுட வேண்டும்.

ஒரு பழத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். இரண்டாவது பழம் விழுந்ததுமே வாஃபிள் பணியாரத்தின் மென்மைக்குப் போய்விடுகிறது. பழத்தில் மலைவாழையையே நான் தேர்ந்தெடுப்பேன். பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழையை விரும்பிச் சேர்ப்பதற்கு, அதன் மணத்தோடு அதில் நீர்ப்பசை குறைவு என்பதும் காரணம். அந்தக் குணம் வாஃபிளுக்கும் அப்படியே பொருந்துகிறது. அது கிடைக்காவிட்டால் தோல் கறுக்கத் தொடங்கிய நேந்திரம். நேந்திரத்தை வில்லைகளாக நறுக்கி, தோசைக்கல்லில் நெய் விட்டு இருபுறமும் சிவக்க வாட்டி, தூளாக்கிய கருப்பட்டியைத் தூவி வாஃபிளின் மேல் அடுக்கினால், வேறு பாகு எதுவும் வேண்டாம்.

கேள்வி: மின்சார மேக்கர் இல்லை. அடுப்பில் வைக்கும் இரும்பு வாஃபிள் அச்சு ஒன்று வாங்கினேன், எல்லாம் ஒட்டுகிறது.
— வாசகர், தேனி

பதில்: அமெரிக்காவின் டிராய் நகரைச் சேர்ந்த கொர்னீலியஸ் ஸ்வார்ட்வௌட் 1869 ஆகஸ்ட் 24 அன்று காப்புரிமை பெற்ற கருவியும் அடுப்பின் மேல் வைத்துத் திருப்பிப் போடும் வகைதான், ஆகவே உங்கள் அச்சு குறைந்தது அல்ல, பழக்கப்படவில்லை. புதிய அச்சு முறுக்கு அச்சைக் கஞ்சித் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, எண்ணெயில் பழக்குவதுபோல இதையும் பழக்குங்கள். இரு தகடுகளிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு பூசிப் புகை வரும்வரை சூடாக்கி ஆறவிடுவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். முதல் சில நாட்களுக்குப் பழமோ சர்க்கரையோ சேர்க்காத மாவையே ஊற்றுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிமிடம் போதும். சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டாம்.

கேள்வி: சிறுவயதில் இரவுச் சந்தையில் வாங்கித் தின்ற பச்சை நிறப் பாண்டான் வாஃபிளை வீட்டில் செய்ய ஆசை. அதில் பலாப்பழமும் சேர்க்க முடியுமா?
— வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்ததும், காயா என்ற தேங்காய்ப் பால்-முட்டை ஜாமும் வேர்க்கடலை விழுதும் தடவி, இரண்டாக மடித்துக் காகிதப் பையில் சூடாகத் தரும் அந்த வாஃபிளின் மணம் நினைவுக்கு வந்தது. இங்கே ரம்பை இலை என்ற பெயரில் பிரியாணிக்கும், இலங்கையில் அன்றாடக் கறிக்கும் சேர்ப்பது இந்தப் பாண்டான் இலையைத்தான்.

பத்து இலைகளை நறுக்கி, அரை டம்ளர் தண்ணீரில் அரைத்து, துணியில் பிழிந்து, அந்தச் சாற்றைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே வெளிறிய நீரும் அடியில் கரும்பச்சை வண்டலும் பிரிந்திருக்கும். நீரை இறுத்துவிட்டு வண்டலில் இரண்டு மேசைக்கரண்டியைத் தேங்காய்ப் பாலில் கலந்தால், மாவில் தண்ணீர் கூடாமலே நிறமும் மணமும் கிடைக்கும்.

பலாச்சுளையைப் பொடியாக நறுக்கி, ஒரு தேக்கரண்டி நெய்யில், கேரளத்துப் பலாப்பழ ஜாமான சக்கவரட்டிக்கு வதக்கும் தொடக்கப் பதம்வரை, ஈரம் சுண்டும்படி வதக்கி ஆறவையுங்கள். பலாவின் இனத்தைச் சேர்ந்த செம்படாக் பழமானால் சதை குழைவாக இருக்கும். அதை இன்னும் சற்று நேரம் வதக்க வேண்டும். இதை மாவோடு கலக்காதீர்கள். அச்சில் பாதி மாவை ஊற்றி, ஒரு கைப்பிடி பலாவை ஓரம் விட்டு நடுவில் தூவி, மீதி மாவால் மூடிச் சுடுங்கள். பழம் எந்தத் தகட்டிலும் படாது, ஒட்டாது. கடித்தால் மொறுமொறுப்பைத் தாண்டி நெய் மணத்தோடு பலா வரும். காயாவை அன்றைக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். பலாவே போதுமான இனிப்பைத் தந்துவிடும்.