வாக்கிங் ஐரிஸ்: தண்டில் கத்தரி வைக்காதீர்கள் (கேள்வி-பதில்)

ரப்பர் மரங்களுக்கு அடியில் வாக்கிங் ஐரிஸ் வைத்தால் பூக்குமா? (குலசேகரம்)

தண்டு வளைந்து, தரையைத் தொட்ட இடத்தில் குட்டி வேர் பிடித்து, 'நடந்து' போகிற பூச்செடி இது. அங்கே செடி பிழைக்கும், பூ எதிர்பார்க்காதீர்கள். அடர்ந்த நிழலில் இலை மட்டும் நீண்டு சாயும். விளையின் கிழக்கு ஓரத்தில், காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் விழுகிற இடத்தில் வையுங்கள். உச்சி வெயில் வேண்டாம், இலை வெளுத்துவிடும்.

செடி வாடுகிறது. என்ன மருந்து அடிக்கலாம்? (ஊர் எழுதவில்லை)

எந்த ஊர், தொட்டியா தரையா, எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர்? ஒன்றும் எழுதாமல் மருந்து கேட்டால் நான் என்ன சொல்ல? இலையின் அடியைப் பிடித்து மெல்ல இழுங்கள். கையோடு வந்து, நாற்றமும் அடித்தால் அழுகல். தோண்டி, கெட்ட கிழங்கை வெட்டி எறிந்து, மிச்சத்தை நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, பாதிக்குப் பாதி மணல் கலந்த செம்மண்ணில் வையுங்கள். கழுத்தை, அதாவது கிழங்கிலிருந்து இலை கிளம்பும் இடத்தை, மண்ணால் மூடாதீர்கள். நம் குமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. கழுத்து புதைந்த செடி இரண்டையும் தாங்காது.

மூன்று வருஷமாகச் செடி நன்றாகத் தழைத்திருக்கிறது. பழைய இலைகளை வெட்டிச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் ஒன்றிரண்டு பூவோடு நின்றுவிடுகிறது. என்ன உரம் போடலாம்? (தக்கலை)

உரம் வேண்டாம். கத்தரியை எடுத்து உள்ளே வையுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் நீங்கள் வெட்டுவது பழைய இலை இல்லை.

வெள்ளையும் நீலமுமாகப் பூக்கிற வகையில் பூத்தண்டு உருண்டையாக இருக்காது. இலையைப் போலவே தட்டையாக, பச்சையாக, நடு நரம்பு மட்டும் கொஞ்சம் தடித்து நிற்கும். பூ அதன் நுனியில் வராது. நுனிக்குக் கீழே விளிம்பிலிருந்து, இலையைப் பிளந்துகொண்டு வந்த மாதிரி வரும். காலையில் விரியும், சாயங்காலம் சுருண்டுவிடும். மறுநாள் பார்த்தால் காய்ந்த துணுக்கு ஒட்டிய ஒரு இலை. அழகாக இல்லையே என்று வெட்டிவிடுகிறார்கள்.

அந்தத் துணுக்குக்குப் பின்னால், அதே உறைக்குள், அடுத்த மொட்டுகள் காத்திருக்கின்றன. சில நாள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக வரும். பூ எல்லாம் முடிந்த பிறகு அதே இடத்தில் குட்டிச் செடி முளைக்கும். அதன் பாரத்தில் தண்டு வளைந்து, தரையைத் தொட்டு வேர் பிடிக்கும். தண்டு ஒன்று போனால் வரவிருந்த பூக்களும் போச்சு, குட்டியும் போச்சு.

வெட்டும் முன் நுனியிலிருந்து ஒரு சாண் வரைக்கும் விரலால் தடவுங்கள். புடைப்பு தட்டுப்பட்டால் அது பூத்தண்டு, விட்டுவிடுங்கள். கூலிக்கு வந்து தோட்டம் சுத்தம் செய்கிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் காட்டிக் கொடுக்க வேண்டியது செடி வளர்ப்பவர். முழுக்க மஞ்சளாகிக் காய்ந்த இலையை மட்டும் கையால் உரித்தெடுங்கள்.

குட்டி வேண்டுமென்றால் தண்டோடு சேர்த்தே பக்கத்துத் தொட்டியின் மண்மேல் படுக்க வைத்து, ஒரு கல்லை வையுங்கள். சாரல் காலத்தில் ஒரு மாதம் போதும். வேர் பிடித்த அப்புறம் தண்டை வெட்டலாம். அங்கேயும் கழுத்தை மண்ணால் மூடாதீர்கள்.

இலை நுனி எல்லாம் பழுப்பாகிறது. பூச்சியா? (குளச்சல்)

பெரும்பாலும் உப்பு. கடல் காற்று ஒரு பக்கம், போர் தண்ணீர் இன்னொரு பக்கம். செடியைச் சுவர் மறைவுக்கு மாற்றுங்கள். மழைத் தண்ணீர் பிடித்து, தொட்டி அடியில் வடியும் அளவுக்கு ஊற்றி மண்ணைக் கழுவுங்கள்.

இந்தப் பூ தோவாளைச் சந்தையில் விலை போகுமா?

ஒரு பகல்கூடத் தாங்காத பூவை யார் வாங்குவார்கள்? குட்டியை நர்சரிக்குக் கொடுக்கலாம். கொய்மலர்தான் வேண்டுமென்றால் அதே குடும்பத்தில் கிளாடியோலஸ் இருக்கிறது. நட்டு 80, 90 நாளில் தண்டு வரும். ஐப்பசியில் நட்டால் கிழங்கு அழுகும். மழை ஓய்ந்து மார்கழியில் நடுங்கள், வடிகால் உள்ள மேட்டுப் பாத்தியில். அடிப்பூ நிறம் காட்டியதும் வெட்ட வேண்டும்.

மொட்டை மாடியில் குங்குமப்பூ வளர்க்கலாமா? (நாகர்கோவில்)

காஷ்மீரத்துப் பாம்போர் குளிர் உங்கள் மாடியில் இல்லை. குளிரூட்டிய அறை இல்லாமல் பூக்காது. கிழங்குக்குக் கொடுக்கிற காசு வீண்.

எங்கள் ஊரில் முழு வெயில், ஓயாத காற்று. ஐரிஸ் குடும்பத்தில் எது நிற்கும்? (ஆரல்வாய்மொழி)

லெப்பர்ட் லில்லி. பெயரில் லில்லி இருந்தாலும் 2005-லேயே தாவரவியலாளர்கள் இதை ஐரிஸ் பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள். ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி. இதன் பூவும் ஒரு நாள்தான், ஆனால் கிளை கிளையாக வந்துகொண்டே இருக்கும். தண்டு இடுப்பளவு உயரும், உங்கள் ஊர்க் காற்றுக்குக் குச்சி கட்டாயம். தண்ணீர் தேங்கக் கூடாது, கழுத்தை மண்ணால் மூடக் கூடாது. காய் வெடித்ததும் கறுத்து மினுங்கும் விதைகளை உடனே ஊன்றுங்கள். முளைக்க ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முளைக்கவில்லை என்று கிளறிப் பார்க்காதீர்கள்.