ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு பழைய வீடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பத்து வருடமாக வாடகை வீடுதான். இப்போது நியூயார்க் குவீன்ஸில், ஜாக்சன் ஹைட்ஸில், இரண்டு பெட்ரூம் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1920களில் கட்டிய ‘பிரீ-வார்’ கட்டடம். பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் நண்பர்கள், “நூறு வருடக் கட்டடம், அதுவும் கோ-ஆப். பேசாமல் புது கான்டோ பார்” என்கிறார்கள். அந்தப் பகுதியில் பல வருடம் இருந்தவர் நீங்கள். என்ன சொல்வீர்கள்?

ர., நியூ ஜெர்சி

அன்புள்ள ர.,

எனக்கு அந்த இடத்தின் மேல் பிரியம் அதிகம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முன் கட்டியதைத்தான் நியூயார்க்கில் பிரீ-வார் என்கிறார்கள். தடித்த சுவர், உயரமான கூரை, ஓக் மரத் தரை. இதெல்லாம் மன்ஹாட்டனிலும் கிடைக்கும். ஜாக்சன் ஹைட்ஸின் சிறப்பு தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. 1917இல் ரூஸ்வெல்ட் அவென்யூ மேல் பாலம் போட்டு ரயில் வந்தது. வயல்களை முன்பே வாங்கிப் போட்டிருந்த குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கட்டுமானக் கம்பெனி, தெருவோரமாகக் கட்டடங்களை எழுப்பி, நடுவில் நீளமான தோட்டங்களை விட்டது. லிண்டன் கோர்ட், ஷாட்டோ, டவர்ஸ் எல்லாம் அப்படி வந்தவை. நம் ஊர் நடுமுற்றம் ஒரு குடும்பத்துக்கு. இது நூறு குடும்பத்துக்கு. உங்கள் வீட்டில் எந்த ஜன்னல் தோட்டத்தைப் பார்க்கிறது என்று எழுதவில்லையே? என்னைக் கேட்டால் சமையலறையைவிட அதுதான் முக்கியம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்தத் தோட்டங்களைப் போட்ட கம்பெனி, யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் வீடு தரவில்லை. இன்று அதே தெருக்களில் 74ஆம் தெருவின் நகைக்கடை, மளிகைக்கடை, நேபாளிகளின் மோமோ, கொலம்பியர்களின் பேக்கரி. 1993இல் நகரம் இப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியாக அறிவித்தது. அதனால் வெளிப்புறத்தில் ஜன்னலைக்கூட அனுமதி இல்லாமல் மாற்ற முடியாது.

சரி, கோ-ஆப். கான்டோ என்றால் வீடே உங்கள் பெயரில் பதிவாகும். இதில் அப்படிப் பதிவாகாது. கட்டடத்துக்குச் சொந்தமான கம்பெனியில் பங்குகளும், அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும்தான் உங்களுக்கு. போர்டு, அதாவது கட்டடத்தின் நிர்வாகக் குழு, உங்களை நேர்காணல் செய்யும், வேண்டாம் என்றும் சொல்லலாம். சொத்து வரி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவு, கட்டடத்தின் மேலுள்ள கடன் எல்லாம் மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸிலேயே வந்துவிடும். ஆக, நீங்கள் முதலில் சோதிக்க வேண்டியது சுவரை அல்ல, கணக்கை.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் இருந்த கட்டடத்தில் ஒரே வருடத்தில் கூரையும் பாய்லரும் போயின. சேமிப்பு போதவில்லை, ஆளுக்கு இவ்வளவு என்று கூடுதல் தொகை கேட்டார்கள். வாங்கும்போதே போர்டு கூட்டக் குறிப்புகளைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும், எல்லாமே அதில் இருந்தது. உங்கள் வக்கீலிடம் அந்தக் குறிப்புகளையும் மூன்று வருடக் கணக்கையும் கேளுங்கள். கையிருப்பு எவ்வளவு, கட்டடக் கடனை எப்போது புதுப்பிக்க வேண்டும், வாடகைக்கு விடலாமா என்று பாருங்கள். நியூயார்க் நகரில் 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்கள் வெளியிடும் கார்பனுக்கு 2024 முதல் வரம்பு இருக்கிறது. 2030இல் அது இன்னும் இறுகும். எண்ணெய் எரிக்கும் பழைய பாய்லர் என்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான். அப்புறம், சின்னக் குழந்தை இருந்தால் ஈயப் பெயின்ட் பரிசோதனை அவசியம். நியூயார்க் நகரம் வீடுகளில் அந்தப் பெயின்ட்டைத் தடை செய்ததே 1960இல்தான்.

புரோக்கர் இல்லாமல் ஒருமுறை போய் வாருங்கள். ரயில் பாலத்துக்குப் பக்கம் என்றால் இரவு பத்து மணிக்குப் போய் நின்று சத்தத்தைக் கேளுங்கள். லாகார்டியா விமான நிலையத்தின் விமானங்களும் தலைக்கு மேல் போகும். ஞாயிற்றுக்கிழமை 34ஆம் அவென்யூவில் நடந்து பாருங்கள். 2020இலிருந்து பகலில் அங்கே கார் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுவார்கள், பெரியவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பசித்தால் அந்தப் பாலத்தில் ஓடும் 7ஆம் எண் ரயிலில் ஃப்ளஷிங் போய், பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிடலாம்.

கணக்கு சரியாக இருந்தால் வாங்குங்கள் என்பேன். மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கேட்டு எழுதுங்கள், மேலே பேசலாம்.

அன்புடன்