எண்ணூர் ஜாம்பி படம்: கடைசி வசனம் ஏன் ஒட்டவில்லை

வடசென்னை எண்ணூரில் நடக்கும் உங்கள் ஜாம்பி (நடமாடும் பிணங்கள்) படத்தின் கடைசியில் வரும் அந்த மூன்று நிமிட வசனத்தை வெட்டிவிடுங்கள். அதில் நாயகன் ஆலை மாசு பற்றிப் பேசும்போது, படம் பார்த்த நண்பர்கள் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நடிப்பில் கோளாறு இருக்காது. கதை ஏற்கெனவே காட்டியதை அவர் திரும்பச் சொல்கிறார், அதுதான்.

1968இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' என்ற அமெரிக்க ஜாம்பி படத்தில் இனவெறி பற்றி ஒரு பேச்சும் கிடையாது. கறுப்பின நாயகன் இரவு முழுக்கப் பிணங்களிடமிருந்து தப்புகிறான். விடிந்ததும், துப்பாக்கியோடு வரும் கும்பல் அவனையும் பிணம் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறது. அவ்வளவுதான். (இத்தனைக்கும் இயக்குநர் ரொமேரோ, நடிப்புத் தேர்வில் நன்றாக நடித்ததால்தான் நாயகனாக டுவேன் ஜோன்ஸை எடுத்தேன் என்றவர்.)

உங்களுக்கு ஊரிலேயே பொருள் கிடக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது படகும் வலையும் கறுத்துப்போயின; மீனவர்களே இறங்கி அள்ளினார்கள். அந்தக் கறுத்த வலை ஒரு ஷாட் வந்தால் போதும்.

சரி, ஒரு சோதனை. ஒலியை அணைத்துவிட்டு, கதை தெரியாத ஒருவருக்குப் படத்தைப் போடுங்கள். உங்கள் கதையில் மீட்பு வண்டி யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று அவர் சொல்லிவிட்டால் வசனம் வேண்டாம்.

ஒன்றில் மட்டும் கவனம்: குப்பத்து ஆட்களை மட்டுமே ஜாம்பிகளாக்கினால், வடசென்னை என்றாலே பயம் என்கிற பழைய சினிமாப் பழக்கத்தில் போய் விழுவீர்கள்.