கோழிக்கறிக்கும் எஃப்-150க்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: ஃபோர்டு எஃப் வரிசை பிக்கப், அமெரிக்காவில் 1977 முதல் பிக்கப் விற்பனையில் முதலிடத்தில் இருக்கிறது. அரசாங்கத்தின் தயவு எதுவும் இல்லாமல் தரத்தால் மட்டுமே ஜெயித்த வண்டி இது. அந்த வரிசையில் வரும் எஃப்-150 என்பதில் உள்ள 150 அதன் குதிரைத்திறன்தானே?

பதில்: இல்லை, 150 குதிரைத்திறன் அல்ல. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் 'தரத்தால் மட்டுமே' என்று எழுத உங்களுக்கே மனம் வராது.

தரமான வண்டி என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1917-ல் ஃபோர்டின் மாடல் டிடி ட்ரக்கை வாங்கினால் சேஸி என்னும் அடிச்சட்டமும் எஞ்சினும்தான் கிடைக்கும். சரக்கு ஏற்றும் மேல்பகுதியை, வண்டி வாங்கியவரே ஆள் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். 1925-ல்தான் பின்னால் தொட்டி பொருத்திய மாடல் டி தொழிற்சாலையிலிருந்தே வந்தது. விலை 281 டாலர். போர் முடிந்தபின், 1948-ல், எஃப்-1 முதல் எஃப்-8 வரை எட்டு அளவுகளில் எஃப் வரிசை பிறந்தது. 1953-ல் பெயர்களை மாற்றினார்கள். அரை டன் சுமை வகை வண்டியான எஃப்-1, எஃப்-100 ஆனது. 1965-ல் முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி இரும்பு உத்திரம் வைத்து, ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றது ஆடாதபடி செய்தார்கள். மண்சாலையில் ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொறியாளர்கள் மீது எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

சரி, இப்போது கோழிக்கு வருவோம். அமெரிக்கப் பண்ணைக் கோழி மலிவு விலையில் மேற்கு ஜெர்மனியில் வந்து குவிந்தது. உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் கொதித்தார்கள். 1962-ல் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் அதன்மீது வரியை ஏற்றின. பேச்சுவார்த்தை பலிக்கவில்லை. பதிலடியாக அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் ஆணையிட்டார்: உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின் என்னும் ஸ்டார்ச் பசைப்பொருள், பிராந்தி, இலகு ரக ட்ரக் ஆகியவற்றுக்கு 25 சதவீத இறக்குமதி வரி. ட்ரக் என்று அவர் குறிவைத்தது மேற்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகனை. கோழிச் சண்டை ஓய்ந்தது, மற்ற மூன்று பொருள்களின் மீதிருந்த வரியும் பிற்பாடு போய்விட்டது, ட்ரக் வரி மட்டும் நிலைத்துவிட்டது. கார் இறக்குமதிக்கு வெகுகாலம் 2.5 சதவீதமே இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காரில் டெட்ராயிட்டை, அதாவது அமெரிக்கக் கார் கம்பெனிகளைத் திணறடித்த ஜப்பானியர்களால் பிக்கப்பில் ஏன் அதே வேகத்தில் நுழைய முடியவில்லை என்பதற்கு இந்த வரி ஒரு பெரிய காரணம். தொட்டியைக் கழற்றிவிட்டுச் சேஸியாக இறக்கினால் 4 சதவீத வரிதான் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1980-ல் அதையும் அடைத்தார்கள்.

அப்புறம் உங்கள் 150. எழுபதுகளில் புகைக் கட்டுப்பாடு இறுகியது. வண்டியும் சரக்கும் சேர்ந்த உச்ச எடை 6,000 பவுண்டுக்குள், அதாவது சுமார் 2,720 கிலோவுக்குள் இருந்தால் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வேண்டும்; ஈயமில்லாத பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். எஃப்-100 இந்த வரம்புக்குள் அகப்பட்டது. ஈயம் கலந்த பெட்ரோலோ அன்றைக்கு விலை குறைவு. ஃபோர்டு என்ன செய்தது? எஃப்-100க்கும் எஃப்-250க்கும் நடுவே, 6,000 பவுண்டைச் சற்றே தாண்டுகிற மாதிரி ஒரு 'கனத்த அரை டன்' வண்டியை 1975-ல் இறக்கியது. 100க்கும் 250க்கும் நடுவில் நிற்பதால் அதற்கு 150 என்று பெயர். கூடுதல் பாரம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அது பிறந்தது எடை வரம்புக்கு அந்தப் பக்கம் நிற்பதற்காக. அந்த வண்டிகள் கக்கிய ஈயத்தை அந்தந்த ஊர்க் குழந்தைகள் சுவாசித்தார்கள். எனக்கு இதை லேசாகச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. சில ஆண்டுகளில் எடை வரம்பை 8,500 பவுண்டுக்கு உயர்த்தி அரசு அந்த ஓட்டையை அடைத்தது. ஆனால் அதற்குள் 150 வாங்குபவர்கள் மனதில் பதிந்துவிட்டது. எஃப்-100 விற்பனை 1983 மாடலோடு நின்றது.

'முதலிடம்' பற்றியும் ஒரு திருத்தம். ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ ஒரே பிக்கப்பைச் செவ்ரோலே, ஜிஎம்சி என்று இரண்டு பெயர்களில் விற்கிறது. இரண்டையும் கூட்டினால் சில ஆண்டுகளில் எஃப் வரிசை பின்தங்கிவிடும். ஃபோர்டு தன் எண்ணிக்கையைச் சொல்லும்போது எஃப்-150-ஐ மட்டும் சொல்வதில்லை. எஃப்-250, எஃப்-350 முதலான பெரிய வண்டிகளையும் சேர்த்தே சொல்கிறது. நீங்கள் படித்த 1977 கணக்கும் அப்படி மொத்த வரிசைக்குமானதுதான்.