நோயாளி இறந்தும் அழுகை வரவில்லை, என் மனசு கல்லாகிவிட்டதா?

கேள்வி: ஐசியூவில் 9 வருடமாக நர்ஸ். 3 வாரம் நான் பார்த்துக்கொண்ட நோயாளி போன மாதம் இறந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. மனசு கல்லாகிவிட்டதா? டியூட்டி முடிந்து வந்தபிறகும் வார்டுக்கு போன் போட்டு, மருந்து ஏற்றும் பம்ப்பின் ரேட் சரிதானா என்று கேட்கிறேன். படபடப்பு இருக்கிறது, ஈசிஜி, தைராய்டு நார்மல். முடி கொட்டுகிறது. 2 மாதமாக இரவில் தோழி தரும் அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையைப் போடுகிறேன். சில நாள், காலையில் எழாமலே போனால் நிம்மதி என்று தோன்றுகிறது. இணையத்தில் தேடினால் ‘பர்ன் அவுட்’ (வேலை அழுத்தத்தால் வரும் சோர்வு) நோய் என்கிறார்கள்.

பதில்: ‘எழாமலே போனால் நிம்மதி’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை. ஒரு நோயாளி இதைச் சொல்லியிருந்தால் கேஸ் ஷீட்டில் எழுதி, அந்த ஷிஃப்ட்டிலேயே டாக்டரைக் கூப்பிட்டிருப்பீர்கள். உங்களுக்கும் அதே விதிதான். இன்றே வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஓரிரு நாளில் மனநல மருத்துவரைப் பாருங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமாக அது மாறினால் ஒரு நிமிடம்கூடத் தனியாக இருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மருந்து அலமாரியின் சாவி புழங்கும் கை உங்களுடையது. அதனால்தான் இவ்வளவு அழுத்துகிறேன்.

அல்பிரசோலம் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. தினமும் போட்டால் சில வாரத்திலேயே உடம்பு அதற்குப் பழகிவிடும் என்று உங்களுக்குத் தெரியாதா? இப்போது பயந்துபோய் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது, வலிப்பு வரலாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

முடி மன அழுத்தத்தில் கொட்டும், சில மாதத்தில் திரும்ப வளரும். விடுங்கள். ‘பர்ன் அவுட்’டை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலையிடம் சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று அல்ல.

இனி அந்தக் கண்ணீர். அந்த நோயாளி இறந்ததும் என்ன செய்தீர்கள்? மானிட்டரை அணைத்து, லைன்களை எடுத்து, உறவினரிடம் நிதானமாகப் பேசி, அடுத்த படுக்கைக்குப் போயிருப்பீர்கள். அழுகையை விழுங்கித்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். கல்நெஞ்சுக்காரிக்கு இந்தக் கேள்வியே எழாது. ஆனால் விழுங்குவதற்கு ஒரு விலை இருக்கிறது. ஜேம்ஸ் கிராஸ் என்ற உளவியலாளர் 1990-களில் செய்த பரிசோதனைகளில், படம் பார்க்கும்போது உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கியவர்களின் முகம் அமைதியாக இருந்தது. உடம்புக்குள்ளோ நரம்புகளின் பரபரப்பு கூடியது. ஈசிஜி நார்மலாக இருந்தும் உங்களுக்குப் படபடப்பதில் இதற்கும் பங்கிருக்கலாம்.

போன் போடும் பழக்கம் இன்னொரு முடிச்சு. ‘தப்பு நடந்திருக்கலாம்’ என்பது உங்கள் மனசில் ‘நடந்துவிட்டது, என்னால்தான்’ என்று மாறிவிடுகிறது. ஒவ்வொரு போனும் பத்து நிமிட நிம்மதி தந்து, பயத்தை வளர்க்கிறது. ஷிஃப்ட் மாறும்போது ஹேண்டோவரில் அடுத்த நர்ஸோடு சேர்ந்து பம்பைப் பார்த்து, ரேட்டை வாய்விட்டுப் படித்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அதன்பிறகு மனசு இழுத்தால், ‘நாங்கள் இருவரும் பார்த்தோம்’ என்று சொல்லிக்கொண்டு போனைக் கீழே வையுங்கள். முதல் சில நாள் தவிப்பீர்கள், பிறகு தணியும். தணியாவிட்டால், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை இதற்கு நன்றாகவே கேட்கும்.

ஒன்று மட்டும்: ஆள் குறைவாக விட்டு, ஓய்வில்லாமல் நைட் போட்டால், அதை உங்கள் சிந்தனைக் கோளாறு என்று யாரும் சொல்ல விடாதீர்கள். தேதியும் நோயாளி எண்ணிக்கையும் போட்டு, நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் எழுத்தில் கொடுங்கள்.