4,500 ரூபாய் பிரிண்டர் மலிவுதானா?

கேள்வி: பென்னாகரம் தாலுகா அலுவலகத்துக்குப் பக்கத்தில் சிறிய ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கேட்டு வருபவர்களைத் தினமும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கிறது. இயந்திரம் இருந்தால் நாளொன்றுக்கு 40 பக்கம் போகும்: பட்டா, ஆதார், பழைய பத்திரங்களின் நகல், பள்ளி வினாத்தாள், எப்போதாவது பிள்ளைகளுக்கு வண்ணப் படம். பக்கத்துக்கு 2 ரூபாய் வாங்கலாம். தர்மபுரியில் விசாரித்தேன். சிறிய பிரிண்டர் 4,500 ரூபாய், இங்க் டேங்க் 14,000, லேசர் 18,000 என்றார்கள். மின்சாரம் அடிக்கடி போகும். கடையில் சிறிய இன்வெர்ட்டர் இருக்கிறது. எதை வாங்குவது?

பதில்: முதலில் அந்த 4,500 ரூபாய் பெட்டியை மறந்துவிடுங்கள், சகோதரி. அதை விற்பவருக்கு வருமானம் பிரிண்டரில் இல்லை, கார்ட்ரிட்ஜ் என்ற மை டப்பாவில் இருக்கிறது. இந்த வகைச் சிறிய கருப்பு கார்ட்ரிட்ஜ்களில் சில 120 பக்கம்தான் ஓடும். உங்கள் கடையில் அது மூன்று நாள். புதியது 850 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பக்கத்துக்கு 7 ரூபாய் மைக்கே போய்விடும். நீங்கள் வாங்கப்போவதோ 2 ரூபாய். நானும் ஒருமுறை விலையைப் பார்த்து இப்படி ஒன்றை வீட்டுக்கு வாங்கினேன். பிள்ளைகளின் கோடை விடுமுறை முடிவதற்குள் மை காய்ந்துவிட்டது. இரண்டு கார்ட்ரிட்ஜ் மாற்றிய பிறகு அதன்மேல் செய்தித்தாள் அடுக்கி வைத்தோம்.

இங்க் டேங்கின் கணக்கு வேறு. அதில் கார்ட்ரிட்ஜ் இல்லை, பாட்டிலில் வாங்கும் மையை டேங்கில் ஊற்றிக்கொள்ள வேண்டும். 65 மில்லி கருப்பு மை பாட்டில் ஒன்றுக்கு 4,500 பக்கம் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் அச்சிட்டுப் பார்க்கும் சோதனைத் தாளில் எழுத்து குறைவு. நீங்கள் நகல் எடுக்கும் பழைய பத்திரத்தில் தாளின் பழுப்பு நிறமும் சாம்பலாக இறங்கி மையைக் குடிக்கும். பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் 400 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 18 பைசா. தாள் விலையைச் சேர்த்தாலும் ஒரு ரூபாய்க்கு மேல் கையில் நிற்கும்.

லேசரைக் குறை சொல்ல மாட்டேன். கருப்பு எழுத்துக்கு அதற்கு இணை இல்லை. தண்ணீர் பட்டாலும் கரையாது, பத்து நாள் சும்மா கிடந்தாலும் காயாது. மின்சாரம் நிலையாக இருக்கும் இடத்தில் கடை இருந்தால் யோசிக்காமல் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் லேசர், டோனர் பொடியைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டவைக்கிறது. உருளை 200 டிகிரியை நெருங்கிச் சூடாகும்போது ஒரு நொடி இஸ்திரிப் பெட்டி அளவுக்கு மின்சாரம் இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அந்த இழுப்பில் கத்தும், இல்லாவிட்டால் அணைந்துவிடும். இங்க் டேங்க் அச்சிடும்போது எடுப்பது ஒரு எல்.இ.டி. பல்பு அளவு, 12 முதல் 15 வாட். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுக்க வரிசையில் நிற்பவர் மின்சாரம் வரும்வரை காத்திருக்க மாட்டார், பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். சாதாரண லேசரில் வண்ணமும் வராது. ஆகவே உங்களுக்கு இங்க் டேங்க்தான்.

ஆனால் எந்த இங்க் டேங்க் என்பதில் கவனம் வேண்டும். கருப்பு மை 'பிக்மென்ட்' வகையா என்று கேளுங்கள். சாதாரண 'டை' மையில் எடுத்த பட்டா நகல் மழையில் நனைந்தால் எழுத்து கரைந்து ஓடும். மறுநாள் திட்டு உங்களுக்குத்தான். வைஃபை எல்லா மாடலிலும் இருக்காது, செல்போனிலிருந்து நேராக அச்சிட அது வேண்டும், இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றை விற்பவர் தானாகச் சொல்லமாட்டார். இந்த இயந்திரங்களின் ஸ்கேன் கண்ணாடி ஏ4 அளவு, நீளம் 297 மில்லிமீட்டர். லீகல் தாள் 356 மில்லிமீட்டர். உங்கள் கடைக்கு வரும் பத்திரங்களில் பாதி லீகல் தாளாகத்தான் இருக்கும்; கண்ணாடியில் வைத்தால் கீழே கையெழுத்து இருக்கும் இடம் வெட்டுப்படும். மேலே தாள் இழுக்கும் ஃபீடர் உள்ள மாடல் லீகலை எடுக்கும், ஆனால் மடிப்பு விழுந்த பழைய பத்திரத்தை அதில் விட எனக்குத் துணிவில்லை. கிழிந்தால் யார் பதில் சொல்வது? செல்போனில் ஸ்கேன் செய்து லீகல் தாளில் அச்சிடுங்கள். பின்பக்கம் தாள் செருகும் பல மாடல்கள் லீகல் தாளை ஏற்கும். வேலை முடிந்ததும் அந்தப் படத்தை வாடிக்கையாளர் கண்முன்னே அழித்துவிடுங்கள்.

சேலத்திலும் பெங்களூரிலும் பழுது நீக்கி விற்கும் பெரிய ஜெராக்ஸ் இயந்திரங்களைப் பற்றி யாராவது சொல்வார்கள். நாளுக்கு 200 பக்கம் தாண்டும் வரை அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வாரன்டி அட்டையைப் படியுங்கள். பலவற்றில் ஓராண்டு அல்லது இத்தனை ஆயிரம் பக்கம், எது முந்துகிறதோ அதுவரைதான். பென்னாகரத்துக்கு ஆள் வருவாரா, நீங்கள்தான் 30 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு தர்மபுரிக்குப் போக வேண்டுமா என்பதை உங்கள் பின்கோடைச் சொல்லி, பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள். பில்லில் சீரியல் எண் இருக்க வேண்டும். மே மாதம் வியாபாரம் படுத்தாலும் வாரம் ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுங்கள். நம் ஊர் வெயிலில் மை வரும் நுண்துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கடையிலேயே மை ஊற்றி ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மை நிரப்பிய டேங்க் பஸ்ஸில் சாய்ந்தால் ஒழுகி உள்ளே பரவும். பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்து, உங்கள் மேசையில் சமமாக நிறுத்திய பிறகு ஊற்றுங்கள்.